பனிநாட்டில் பாய்ந்த தாமிரபரணி

1

இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டு நிறைந்த அன்று அலுவலகத்துக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். பின்லாந்தில் யாருக்குக் கொண்டாட்டமோ அவர்தான் கேக் வாங்கி வைக்க வேண்டும். மற்றவர்கள் வருவார்கள், சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள், நன்றி சொல்லிவிட்டு அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். நம் ஊர்க்காரர் யாராவது பார்த்தால் துக்க வீடோ என்று நினைப்பார். பழகிவிட்டால் இதுவும் ஒரு சுகம்தான்.

அன்று இல்க்கா மட்டும் தட்டோடு என் எதிரே உட்கார்ந்துகொண்டார். இதயத்தின் இரத்தக் குழாய்களை ஆராய்கிறவர். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே வாயாடி நண்பர். "பன்னிரண்டு வருஷத்தில் இங்கே நீ செய்ததில் எது பெரிது?" என்று கேட்டார்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கள் ஆற்றை இந்தக் கட்டடத்துக்குள் ஓடவிட்டது" என்றேன்.

அவர் சிரித்தார். அதில் அவருக்கும் பங்கு உண்டு. அங்கே ஒரு வரியில் சொன்னதை ஊரில் இருக்கும் உங்களுக்கு முழுசாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நசீமா. மேலப்பாளையத்தில் பிறந்தவள். வேலை பார்ப்பது ஒரு மீக்கணினி நிலையத்தில். சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு பெரிய கூடம், அதில் ஆள் உயரத்துக்கு மேல் வரிசை வரிசையாக அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கணிப்பான்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு செய்யும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். ஆராய்ச்சிக்காரர் எவரை எடுத்துக்கொண்டாலும், சோதனைச்சாலையில் செய்து பார்க்க முடியாத ஒன்று அவரிடம் இருக்கும். இரண்டு நட்சத்திரங்களை மோதவிட்டுப் பார்க்க முடியாது. ஓர் ஊரை மூழ்கடித்துப் பார்க்க முடியாது. மருந்து ஒன்று உடம்பின் செல்லுக்குள் நுழையும் அந்தக் கணத்தைக் கண்ணால் காண முடியாது. இவற்றையெல்லாம் கணக்காக எழுதி, இந்த இயந்திரத்துக்குள் நடத்திப் பார்க்கலாம். வானியல்காரர், மருந்துக்காரர், மின்கலம் செய்பவர், கடல் மீன் எங்கே இடம்பெயரும் என்று பார்ப்பவர், அழியும் நிலையிலுள்ள இந்நாட்டு வடகோடிப் பழங்குடி மொழியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பவர் என்று எல்லோரும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவரும் நிரல் மேஜைக் கணினிக்குப் பழகியது. அதைப் பல்லாயிரம் துண்டாகப் பிரித்து இந்த இயந்திரத்துக்குப் பழக்குவதும், எங்கே முட்டி நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை.

வாப்பா இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தார். துபாயில் இருபது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். "எம் மவ ஊர்ல மலை மாதிரி மிசினு ஒண்ணு இருக்கு வே. அது சூடாயிராம இவதான் பாத்துக்கிடுதா" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். முதல்முறை வீடியோவில் அவருக்குக் கூடத்தைக் காட்டியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அத்தன சூடும் எங்கன போகுது மவளே?"

குழாய்த் தண்ணீரில் ஏறி, ஊருக்குள் போய், வீடுகளைக் கதகதப்பாக வைக்கிறது என்றேன். 

"நாங்க சூட்ட வெளிய தள்ளத்தான் பாடாப் படுதோம். அங்கன அத வீட்டுக்குள்ள கொண்டு போறாங்களா! அல்லா, என்ன ஊரு அது!"

2

வந்த புதிதில் இந்த மொழியிடம் நான் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. பின்னிஷில் குறிலும் நெடிலும் உயிர் போகிற விஷயம். 'தபான்' என்று நீட்டினால் சந்திக்கிறேன் என்று பொருள். 'தபன்' என்று குறுக்கினால் கொல்லுகிறேன். குறில் நெடிலை ஒன்றாம் வகுப்பிலேயே படித்த தமிழச்சி நான், என் துறைத் தலைவருக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில், 'நாளை உங்களைக் கொல்லுகிறேன், எத்தனை மணிக்கு வசதி?' என்று கேட்டுவிட்டேன். 'ஒன்பது மணிக்கு வசதி' என்று பதில் வந்தது. மறுநாள் ஒன்பது மணிக்குக் காபியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். சிரிக்கவே இல்லை. அவர் சிரிக்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் மகள் ஸஃபியாவுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. இரண்டு வயதில் வந்தாள், இப்போது பதினாலு. நாங்கள் தமிழில் கேட்டால் பின்னிஷில் பதில் சொல்வாள். வாப்பாவை, எங்கள் வீட்டு வழக்கப்படி, நன்னா என்பாள். அந்த ஒரு சொல்லைத் தவிர அவருக்கும் அவளுக்கும் நடுவே பேச்சு என்று ஒன்று கிடையாது. ஒருமுறை பனி உறைந்த பாதையில் அவள் நடப்பதைப் போனில் பார்த்துப் பதறி, "பைய நட மவளே, பைய!" என்று கத்தினார். அவள் என்னிடம் திரும்பி, "எந்தப் பையன்?" என்று பின்னிஷில் கேட்டாள். நான் சிரித்தேன். வாப்பாவும் சிரித்தார். அன்று போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

3

அந்தப் பெருவெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையில் கொட்டியதும் அணைகள் திறந்ததும் ஆறு ஊருக்குள் வந்ததும் நீங்கள் கண்ணால் பார்த்தது. நான் இங்கிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வாப்பா பேசினார். கடையின் மச்சில் ஏறித் தப்பியிருந்தார். பக்கத்து லேத் பட்டறை சுடலைமுத்து அண்ணாச்சிதான் தப்பவில்லை. இருவரும் சேர்ந்துதான் மச்சில் ஏறினார்கள். கீழே இருக்கும் மோட்டாரை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று அண்ணாச்சி இறங்கினார்.

"'இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு வே'ன்னு சொல்லிட்டுப் போனான். அவ்வளவுதான்" என்றார் வாப்பா. ஒரு மணி நேரம் இல்லை. எவ்வளவு இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு வழியும் இல்லை.

அதன் பிறகு பல மாதங்கள் வாப்பா போனில் 'சாப்பிட்டியா, சரி' என்பதற்கு மேல் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் கோமதி. பாளையங்கோட்டையில் இயற்பியல் எம்.எஸ்சி. சேர்ந்து படித்தோம். இரண்டு வருஷமும் அவள் முதல், நான் இரண்டாவது. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய அவளுக்குத்தான் முதலில் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, கல்லிடைக்குறிச்சியிலேயே நின்றுவிட்டாள். நான் கல்யாணமாகி, குழந்தையோடு விமானம் ஏறினேன். சண்டை எதுவும் இல்லை. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கூச்சம். அதனால் பத்து வருஷத்தில் ஒரு போன்கூட செய்யவில்லை.

அவள் அங்கேயே நீரியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கடிதம் சுருக்கமாக இருந்தது. பாபநாசத்திலிருந்து கடல்வரைக்கும் ஆற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெள்ளக் கணக்கு எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்திடம், 'உன்னிடம் எவ்வளவு தண்ணீர்?' என்று நொடிக்கு நொடி கேட்க வேண்டும். தெருவை அடையாளம் காணும் அளவுக்குக் கட்டத்தைச் சிறிதாக்கினால் அவள் கல்லூரிக் கணினி படுத்துவிடுகிறது. ஒரு வெள்ளத்தைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

உடனே போன் செய்தேன்.

"ஏட்டி நசீமா! ஆத்துல வெள்ளம் வந்தாத்தான் உனக்கு என் ஞாபகம் வருமோ?"

"நீதானே எழுதினே."

"நான் எழுதலேன்னா நீ கூப்பிட்டிருப்பியா?"

அழுகை வந்துவிட்டது. "சரி சரி, அழாதட்டி. வேலையப் பாப்போம். மிசினுல இடம் கெடைக்குமா?" என்றாள்.

4

மீக்கணினியில் இடம் என்பது கல்யாண மண்டபம் மாதிரி. எல்லோருக்கும் அதே முகூர்த்தம் வேண்டும். ஒரு குழு விண்ணப்பங்களைப் படித்து நேரம் ஒதுக்கும். நான் ஊழியர் என்பதால் அதில் வாய் திறக்க முடியாது.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'உள்ளூர்ப் பயன் தெளிவு. அறிவியல் புதுமை தெளிவில்லை' என்று எழுதியிருந்தார்கள். கோமதிக்குக் கோபம் வந்தால் நன்றாக எழுதுவாள். அந்தக் காலத்தில் தேர்வுத்தாளும் அப்படித்தான் எழுதுவாள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், நூற்றுக்கணக்கான குளங்களும் வெள்ள அலையை எப்படித் தடுக்கின்றன, எப்போது கைவிடுகின்றன என்பதை இதுவரை எவரும் ஒரே கணக்கில் போட்டதில்லை என்று இருபது பக்கம் எழுதினாள். குழு இறங்கி வந்தது. சோதனைக்காக மூன்று வாரம் கொடுத்தார்கள்.

அடுத்து அவளுக்குக் கணக்குத் திறக்க வேண்டும். படிவத்தில் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். கோமதிக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து ஒன்றுதான். காலியாக விட்டால் படிவம் நகராது. 'எஸ்' என்று போட்டால் ஓரெழுத்துப் பெயர் செல்லாது. அப்பா பெயரைப் போட்டால் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை. எட்டு நாள் கடிதப் போக்குவரத்து. மூன்று வாரத்தில் எட்டு நாள்! கடைசியில் அலுவலகப் பெண்மணி ஒருவர் மிகுந்த பரிவோடு ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எங்கள் இயந்திரத்தைப் பொறுத்தவரை அவள் பெயர் கோமதி கோமதி.

"ஒரு கோமதிக்கே வீட்டுல தாங்கல. ரெண்டு கோமதியாம்!" என்று அவள் அம்மா பின்னாலிருந்து சொல்லிச் சிரித்தது கேட்டது.

நான் அவள் நிரலைப் பிரித்து ஓடவிட்டேன். முதல் படம் வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தப்பு. முழுக்கத் தப்பு.

ஊருக்கு மேற்கே தண்ணீர் ஏரி மாதிரி தேங்கி நின்றது. கிழக்கே ஆறு வறண்டு கிடந்தது. மூழ்கிப்போன வண்ணாரப்பேட்டை படத்தில் காய்ந்திருந்தது. வெள்ளமே எட்டிப் பார்க்காத மேட்டுத் தெருக்களில் தண்ணீர் ஏறியது. வாப்பா கடை இருந்த கட்டத்தில் ஒரு சொட்டு இல்லை.

மழைக் கணக்கை மாற்றிப் பார்த்தோம். அணை திறந்த அளவைச் சரிபார்த்தோம். கோமதி மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வந்தாள். தோட்டம் மூடித் தொழிலாளர்கள் இறங்கிப்போன பிறகு மலைப்பாதையில் பஸ்ஸில் அவளோடு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்களாம். தோட்டத்து அலுவலகத்தில் பழைய மழைப் பதிவேடுகளைக் கையால் நகலெடுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி ஓட்டினோம். மறுபடி அதே ஏரி.

ஏழு நாளில் எங்கள் நேரத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு முழு ஓட்டத்துக்கு. குழு இன்னொரு முறை தராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"விட்டுருவோமா நசீமா?" என்று கோமதி கேட்டாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

5

எங்கள் நிலையத்தில் உண்மையான ஆராய்ச்சி நடப்பது காபி அறையில் என்பேன். கூடத்துக்குள் அவரவர் கணக்கு அவரவருக்கு. காபி மேஜையில்தான் நட்சத்திரக்காரரும் மீன்காரரும் ஒருவர் புலம்பலை ஒருவர் கேட்பார்கள்.

அன்று இல்க்காவின் முறை. நோயாளி ஒருவரின் இதயப் படத்தை வைத்து இரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார். குழாய் முழுக்க அடைத்திருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கவே முடியாது என்று இயந்திரம் சொல்லிவிட்டது.

"அந்த ஆள் என் எதிரே நின்று சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்!" என்றார் இல்க்கா. "அப்புறம்தான் புரிந்தது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்புத் துகள் ஒன்று படிந்திருக்கிறது. ஸ்கேன் படத்தில் அது ஒளிர்ந்து, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. என் கணக்கு சரி. மனிதரும் சரி. படம்தான் பொய். இயந்திரம் பாவம், படத்தில் சுவர் இருந்தால் அதற்குச் சுவர்தான்."

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அலுவலகத்துக்குள் யாரும் ஓடமாட்டார்கள். கதவுகளைத் திறந்து பார்த்தார்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏரியின் கிழக்குக் கரை கோடு கிழித்தது மாதிரி நேராக இருந்தது. எந்த ஆற்றிலும் நேர்கோடு கிடையாது. அது கொக்கிரகுளத்துப் பாலம்!

தரையின் மேடு பள்ளத்தைக் காட்ட நாங்கள் வாங்கிய உயரப் படம் வானத்திலிருந்து எடுத்தது. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குப் பாலத்தின் தளம் தெரியும். அடியில் தண்ணீர் போகும் கண்கள் தெரியாது. இயந்திரத்துக்குப் பாலம் என்பது ஆற்றின் குறுக்கே எழுப்பிய மதில். ரயில் பாலம் இன்னொரு மதில். குளத்து மடை, ஊரில் கல்வெட்டு என்று சொல்லும் கால்வாய்ச் சிறுபாலம், ரோட்டடிக் குழாய் எல்லாமே அடைப்பு.

கோமதியை அழைத்துச் சொன்னேன். எதிர்முனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"தினம் அந்தப் பாலத்து மேலதானட்டி காலேசுக்குப் போறேன்!"

ஒவ்வொரு பாலத்தையும் குடைந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு கண்ணின் அகலமும் உயரமும் தேவை. பெரிய பாலங்களுக்குப் பதிவு இருந்தது. நூற்றுக்கணக்கான சின்னக் கல்வெட்டுகளுக்கு இல்லை. எங்களுக்கு இருந்தது ஐந்து நாள்.

வாப்பாவிடம் சொன்னது உதவி கேட்டு அல்ல. மனசு கனத்துப்போய்ச் சொன்னேன். அவர் பல மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"டேப்பு பிடிச்சு அளக்கணும், அவ்வளவுதான?"

நெல்லை, பாளை, பேட்டை, மேலப்பாளையம் எங்கும் ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. கேஸ் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொள்ளும் குழு அது. அதில் வாப்பா குரல்பதிவு போட்டார். அதைப் பிறகு எனக்கும் அனுப்பினார்.

"ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வேலைக்குப் போற வழியில பாலம், கல்வெட்டு, மடை எது கண்ணுல பட்டாலும் எறங்கி அகலம், உசரம் அளந்து போட்டோவோட இங்கன போடுங்க. வீட்டுச் சுவத்துல வெள்ளத் தடம் இருந்தா, தரையில இருந்து எவ்வளவுன்னு அதையும் அளங்க. சுடலைக்கு ஒரு மணி நேரம் இருக்கா இல்லியான்னு சொல்ல ஆளில்லாம போச்சு. இனி யாருக்கும் அப்படி ஆவக் கூடாது. இது எம் மவ வேலை இல்ல வே, நம்ம வேலை."

மூன்று நாளில் குவிந்துவிட்டது. சிலர் அடியில் அளந்திருந்தார்கள், சிலர் மீட்டரில், ஒருவர் மட்டும் ஸ்பேனர் நீளத்தில்! கோமதியும் அவள் மாணவிகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றினார்கள். அந்த அளவுகளைக் கொண்டு நான் படத்திலிருந்த பாலங்களை ஒவ்வொன்றாகக் குடைந்தேன்.

6

கடைசி ஓட்டத்தை வெள்ளிக்கிழமை காலை வரிசையில் விட்டேன். மறுநாள் மதியம் முடிந்தது. நானும் கோமதியும் திரையைப் பகிர்ந்துகொண்டு படத்தைத் திறந்தோம்.

மலையிலிருந்து தண்ணீர் இறங்கியது. அம்பாசமுத்திரம் தாண்டியது, சேரன்மகாதேவி தாண்டியது. அணைக்கட்டு ஒவ்வொன்றிலும் தயங்கி, மேலேறி, தாண்டி வந்தது. குறுக்குத்துறைக் கோயிலை மூழ்கடித்தது. பாலத்தடியில் சீறிப் பாய்ந்தது. அப்புறம் வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்குள் ஒவ்வொரு கட்டமாக ஊறி ஏறியது. மூழ்கிய தெருக்கள் மூழ்கின. மேட்டுத் தெருக்கள் நின்றன.

கோமதி சுவர்த் தடங்களின் பட்டியலை வாசித்தாள். நான் இயந்திரம் சொன்ன உயரத்தை வாசித்தேன். பேட்டையில் ஒரு தெரு மட்டும் நன்றாகவே விலகியது. வானத்துப் படம் எடுத்த பிறகு யாரோ அங்கே நீளமாகச் சுற்றுச்சுவர் கட்டியிருந்தது பின்னால் தெரிந்தது. மற்றவை எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன.

"உங்க வாப்பா கடை?"

பார்த்தேன். கடைச் சுவரில் அவர் அளந்த தடத்துக்கும் எங்கள் கணக்குக்கும் நான்கு விரல்கடை வித்தியாசம்.

"ஏட்டி" என்றாள் கோமதி. "ஏட்டி நசீமா." எழுந்து நின்று கை தட்டினாள். இங்கே நானும் தனியாக அறையில் எழுந்து நின்று கை தட்டினேன்.

அந்தப் படத்தை இணைத்து முழு விண்ணப்பம் போட்டோம். இந்த முறை குழு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓர் ஆண்டு நேரம் கிடைத்தது. வானிலைக்காரர் ஒருவர், தான் புயல்களுக்குச் செய்வதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மழையை நம்பக் கூடாது, வரக்கூடிய மழைகளையெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையில் இவ்வளவு பெய்து, அணையில் இவ்வளவு திறந்தால், எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு உயரம்? அப்படி நூறு வெள்ளங்களை ஓட்டி நூறு படங்கள் எடுத்தோம். கோமதி அவற்றைப் புத்தகமாகக் கட்டி அதிகாரிகளிடம் ஒன்று கொடுத்தாள். மெக்கானிக் குழு வழியாகத் தெருவுக்கு ஒன்று போனது. வாப்பா அதைக் கடை மச்சில் மாட்டி வைத்தார்.

7

போன கார்த்திகையில் அது வந்தது. ஒரு சனிக்கிழமை மலையில் கொட்டத் தொடங்கியது. கோமதி மழை அளவையும் அணைச் செய்தியையும் ஒப்பிட்டுப் பார்த்து, மதியமே மெக்கானிக் குழுவில் எழுதினாள்: 'நாற்பத்தொன்றாம் படம்.' அதிகாரிகளும் ஒலிபெருக்கி வைத்த ஜீப்பை அனுப்பினார்கள்.

நாற்பத்தொன்றாம் படம் வாப்பா தெருவுக்குச் சொன்னது இது: ஞாயிறு மதியம் இரண்டு மணிவாக்கில் தண்ணீர் வாசலுக்கு வரும், இடுப்பளவு ஏறும்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெரு கீழ்த்தளத்தைக் காலி செய்துவிட்டது. முதலில் கிளம்பியவர் சுடலைமுத்து அண்ணாச்சியின் மனைவி. லேத் பட்டறை மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லையாம். வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக்குகள் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ்களை மாடிக்கு ஏற்றினார்கள்.

ஞாயிறு காலை பத்து மணி எங்களுக்கு, அங்கே ஒன்றரை. ஸஃபியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோமதி எனக்கு அனுப்பியிருந்த புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். படங்களைப் படிக்க மொழி வேண்டாமே. போனில் வாப்பா கடை வாசலில் நின்றார். தெரு காய்ந்து கிடந்தது. வெயில்கூட லேசாக அடித்தது.

"இன்னும் ஒண்ணையும் காணோம் மவளே. ஷட்டர் மட்டும் சரியா இறங்கல. அத ஒரு தட்டுத் தட்டிட்டு ஏறிக்கிடுதேன். நேரம் கெடக்கு."

நான் பேசத் தொடங்குவதற்குள் ஸஃபியா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நன்னா! நேரம் இல்ல! மேல போங்க! இப்பவே போங்க!"

அவள் தமிழில் கத்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. வாப்பா திகைத்து நின்றார். அந்த வயதில் எவர் பேச்சையும் கேட்காத மனிதர், கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் படியேறினார். போன் குலுங்கக் குலுங்க அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மச்சுக்குப் போய்க் கேமராவைத் தெருப் பக்கம் திருப்பினார்.

தெருக்கோடியில் பழுப்பாக ஏதோ பளபளத்தது. சத்தமே இல்லை. பாய் விரிக்கிற மாதிரி தெரு முழுக்க விரிந்து வந்தது. கடை வாசலைத் தொட்டபோது மணி இரண்டாக ஆறு நிமிடம்.

"வந்துட்டு" என்றார் வாப்பா. "மவளே, வந்துட்டு! நீங்க சொன்ன வாசலுக்கே வந்துட்டு!" அவர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. எதிர் மாடிகளிலெல்லாம் ஆட்கள் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறியது, இடுப்பளவுக்கு வந்தது, நின்றது. காலியான கடைகளுக்குள் புகுந்து பார்த்தது. எடுத்துப்போக அங்கே ஒன்றும் இல்லை.

ஸஃபியா படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நன்னா, நல்லா இருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். தப்பில்லாத தமிழ். அன்று அவர்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாதி கையாட்டல், கால்வாசி தமிழ், மீதி சிரிப்பு. நான் எழுந்துபோய்ச் சமையலைக் கவனித்தேன்.

8

திங்கட்கிழமை காபி அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது கோமதி அழைத்தாள். புத்தகம் போன தெருக்களிலெல்லாம் அவளும் மாணவிகளும் நேரில் போய் விசாரித்திருந்தார்கள்.

"யாரும் தண்ணியில போகல நசீமா. ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் இருக்காங்க."

மேஜையில் இருந்தவர்களுக்கு அதைப் பின்னிஷில் சொன்னேன். நட்சத்திரக்காரரும் மீன்காரரும் வானிலைக்காரரும் இல்க்காவும் எழுந்து நின்றார்கள். சத்தம் போடத் தெரியாத அந்த மனிதர்கள் மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து என்னவென்று கேட்டுவிட்டு, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்னட்டி சத்தம் அங்கன?" என்றாள் கோமதி.

"உனக்குத்தான் கை தட்டுறாங்க."

சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, காலையில திசையன்விளையில இருந்து ஒரு அண்ணாச்சி போன் பண்ணினாரு. பலசரக்குக் கடை வச்சிருக்காராம். 'தாமிரபரணிக்குக் கணக்குப் போட்டீங்க, எங்க நம்பியாத்துக்கு எப்பம்மா போடுவீங்க'ன்னு கேக்காரு. ராதாபுரத்துல இருந்து ரெண்டு பேரு டேப்பு வாங்கி அளக்கவே ஆரம்பிச்சுட்டாங்களாம். நான் என்ன சொல்ல?"

"அளக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, புது விண்ணப்பத்தைத் திறந்தேன்.